இரண்டு மாதமாகக் குரல் இல்லையென்றால் முதலில் குரல் நாணைப் பார்க்க வேண்டும்

கேள்வி: அம்மாவுக்கு வயது 52. கடலூர் முதுநகரில் மீன் வியாபாரம். இரண்டு மாதத்துக்கு முன் சளிக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. காய்ச்சல் போய்விட்டது, குரல் திரும்பவில்லை. பாதி நேரம் வெறும் காற்றுதான் வருகிறது. மருந்துக்கடையில் சொல்லி இரண்டு முறை மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், கசாயமும் கொடுக்கிறோம். ஒரு மாதமாகக் கிசுகிசுவென்றுதான் பேச வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம். குரல் நாண் கெட்டால் பேச்சே போய்விடுமா? ஆபரேஷன் செய்தால் ஊமையாகிவிடுவார் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

தம்பி, ஊமையாகிவிட மாட்டார். அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். ஆனால் இரண்டு மாதமாக ஒருவர்கூட அம்மாவின் குரல் நாணைப் பார்க்கவில்லையே, எனக்கு அதுதான் கவலை. இந்த வாரமே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போய், தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி எடுக்கச் சொல்லுங்கள். கிசுகிசுப் பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஏன் என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

நான் புதுச்சேரியில் குரல், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். மீன் விற்கும் பெண்கள், பஸ் கண்டக்டர்கள், டீச்சர்கள், கோயில் ஓதுவார்கள் என்று தொண்டையை நம்பிப் பிழைக்கிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நீங்கள் வந்த வழியிலேயே வந்தவர்கள்தான். முதலில் கசாயம், அப்புறம் மாத்திரை, அப்புறம் வேறு மாத்திரை, கடைசியில்தான் டாக்டர்.

குரலும் பேச்சும் எங்கே பிரிகின்றன என்று பார்த்துவிடுவோம். கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்தால் தட்டுப்படும் குருத்தெலும்புப் பெட்டிதான் குரல்வளை. அதற்குள்ளே முன்னும் பின்னுமாகப் படுத்த வாக்கில் இரண்டு தசை மடிப்புகள் இருக்கின்றன. அவைதான் குரல் நாண்கள். பெண்களுக்குச் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆண்களுக்குக் கொஞ்சம் நீளம். மூச்சு விடும்போது இரண்டும் விலகி நிற்கும். பேச நினைத்தவுடன் நடுவில் வந்து சேரும், கீழேயிருந்து வரும் மூச்சுக்காற்று அவற்றைத் தள்ளித் திறக்கும், அவை தம் இழுவிசையாலும் காற்றோட்டத்தாலும் உடனே மூடிக்கொள்ளும். இப்படித் திறந்து மூடுவது பெண்களுக்கு ஒரு விநாடிக்குச் சுமார் 200 தடவை, ஆண்களுக்குச் சுமார் 120 தடவை. அங்கே பிறப்பது ஒரு ரீங்காரம் மட்டும்தான். அதை எழுத்தாகவும் சொல்லாகவும் ஆக்குவது நாக்கு, உதடு, அண்ணம், பல், மூக்கு.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு விரலைக் குரல்வளை மேல் வைத்துக்கொண்டு 'பாம்பு' என்று மெதுவாகச் சொல்லுங்கள். உதடு இரண்டு முறை மூடுகிறது. முதல் 'பா'வுக்கு உதடு மூடியிருக்கும்போது விரலில் ஒன்றும் தெரியாது, திறந்த பிறகுதான் அதிர்வு தொடங்கும். 'ம்பு' வரும்போதோ உதடு மூடியிருக்கும்போதே தொண்டை அதிர்ந்துகொண்டிருக்கும். உதடு செய்த வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான், குரல் நாண் சேர்ந்ததா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். அடுத்து அதே 'பாம்பு'வைக் கிசுகிசுத்துப் பாருங்கள். அதிர்வே இல்லை, ஆனாலும் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல் புரியும். உங்கள் அம்மா காற்றாகப் பேசுவது உங்களுக்கு விளங்குவதும் இதனால்தான். அவருக்குப் பேச்சு போகவில்லை, பேச்சுக்குக் கிடைக்க வேண்டிய ஒலி போயிருக்கிறது.

பக்கவாதத்தில் நாக்கு குழறுவது வேறு, சொல்லே நினைவுக்கு வராமல் தடுமாறுவது வேறு. அவை மூளையும் நரம்பும் சம்பந்தப்பட்டவை. திடீரென்று வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ ஈ.என்.டி. வரிசையில் நிற்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

சரி, நாணுக்கு என்ன ஆகியிருக்கும்? சளிக் காய்ச்சலில் குரல் போவது சாதாரணம். கிருமி தாக்கி நாண்கள் வீங்கிவிடும், வீங்கிய நாண் சரியாக அதிராது. பெரும்பாலும் இது வைரஸ் வேலை, ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு அங்கே வேலை இல்லை. ஓரிரு வாரத்தில் தானாகவே வீக்கம் வடிந்து குரல் வந்துவிட வேண்டும். மூன்று நான்கு வாரம் ஆகியும் வரவில்லை என்றால் அது வெறும் தொண்டைக்கட்டு இல்லை என்று வைத்துக்கொண்டு நாணைப் பார்த்துவிட வேண்டும். இந்தக் கெடுவை நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

அம்மாவின் தொழிலைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது காய்ப்பு. டாக்டர்கள் நோட்யூல் என்பார்கள். வலை இழுக்கிறவர் உள்ளங்கையில் காய்த்துப்போகிறதே, அதே கதைதான். ஒரு விநாடிக்கு 200 தடவை என்றால், ஒரு மணி நேரம் விடாமல் குரல் ஒலித்தால் 7 லட்சம் தடவைக்கு மேல் இரண்டு நாணும் மோதிக்கொள்கின்றன. கத்தினால் ஒவ்வொரு மோதலும் பலமாக விழும். நாணின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில்தான் அடி அதிகம். அங்கேதான் இருபுறமும் எதிரெதிராகச் சின்னச் சின்னத் தடிப்பு வரும். தடிப்பு இருப்பதால் நாண்கள் முழுக்கச் சேராது, இடைவெளியில் காற்று கசியும், குரல் கரகரக்கும். கரகரக்கிற குரலைச் சரிக்கட்ட இன்னும் அழுத்திப் பேசுவார்கள், தடிப்பு இன்னும் வளரும்.

துறைமுகத்தில் ஏலம் நடக்கும்போது நின்று பார்த்திருக்கிறேன். படகு எஞ்சின் ஒரு பக்கம், ஐஸ் உடைக்கிற சத்தம் ஒரு பக்கம், நடுவில் விலை கேட்கும் குரல்கள். யாரும் வேண்டுமென்று கத்துவதில்லை. சுற்றிலும் இரைச்சல் ஏறினால் நம்மை அறியாமலேயே நம் குரலும் ஏறும். எத்தியேன் லம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே இதை விவரித்திருக்கிறார். ஆகவே "ஏம்மா கத்துற" என்று அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. இரைச்சலைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் குரலுக்குத் துணையாக வேறொன்றைக் கொடுக்க வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

காய்ப்புக்குக் கத்தி வேண்டியதில்லை, பெரும்பாலும் பயிற்சியிலேயே கரைந்துவிடும். ஒரே பக்கம் கொப்புளம் போல வரும் பாலிப் வேறு. ஒரே ஒரு நாள் உச்சக் குரலில் சண்டை போட்டதில் உள்ளே சின்ன ரத்தக்குழாய் உடைந்துகூட வரலாம். அது பெரிதாக இருந்தால் அறுவை செய்து எடுப்பார்கள். வாய் வழியாகக் கருவியை விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, வளர்ந்ததை மட்டும் எடுக்கிற சின்ன ஆபரேஷன். கழுத்தில் கீறலே இருக்காது. அப்புறம் சில நாள் மௌனம், பிறகு பயிற்சி. ஆபரேஷன் செய்தால் ஊமையாவார் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முற்றிய புற்றுநோய்க்குக் குரல்வளையையே எடுத்தவர்களைப் பார்த்துவிட்டு, எல்லாத் தொண்டை ஆபரேஷனும் அதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, நாண் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரு பக்கம் அசையாது. அதை அசைக்கும் நரம்பில் கோளாறு. இந்த நரம்பின் பாதை விசித்திரமானது. மூளையிலிருந்து இறங்கி, குரல்வளையைக் கடந்து கீழே போய், திரும்பி மேலே ஏறி வருகிறது. வலப்பக்க நரம்பு கழுத்தடியிலேயே திரும்பிவிடும். இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு திரும்பும். அதனால் நுரையீரலில் கட்டி, காசநோயில் வீங்கிய நெறிக்கட்டி, தமனி வீக்கம், இதய வால்வு கோளாறில் பெருத்த இதய அறை என்று நெஞ்சுக்குள் எது அழுத்தினாலும் குரல் போகலாம். தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகும் போகலாம், சளிக் காய்ச்சலுக்குப் பிறகு காரணமே பிடிபடாமலும் போகலாம். ஆகவே, தொண்டைக்காகப் போன இடத்தில் நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னால் காசு பிடுங்குகிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அங்கே டாக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார்.

அம்மாவுக்குத் தண்ணீர் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுகிறதா என்று கவனியுங்கள். குரல் நாணின் முதல் வேலை பேசுவதே இல்லை. சாப்பாடும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் கதவடைப்பதுதான் அதன் ஆதி வேலை. ஒரு கதவு அசையாவிட்டால் தண்ணீர் கசியும், இருமல் வரும். இந்த விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இப்படி அசையாத நாணுக்கும் வழி உண்டு. சில மாதங்களில் நரம்பு தானாகத் தேறுவது உண்டு, அதுவரை பயிற்சி. தேறாவிட்டால் அந்த நாணுக்குள் ஊசி போட்டுப் பருக்கச் செய்தோ, பக்கவாட்டிலிருந்து சின்னத் துண்டு ஒன்றை வைத்து நடுவுக்குத் தள்ளியோ குரலைக் கொண்டுவருவார்கள்.

புற்றுநோயைப் பற்றியும் மறைக்காமல் பேசிவிடுகிறேன். அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுகிறவரா, வீட்டில் பீடி சிகரெட் புகை உண்டா என்பதை நீங்கள் எழுதவில்லை. இருந்தால் டாக்டரிடம் ஒளிக்காதீர்கள். குரல் நாணில் வரும் புற்றுநோயில் ஒரு நல்ல விஷயம், அது கடுகளவு இருக்கும்போதே குரலை மாற்றிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நிலையில் பிடித்தால் கதிர் சிகிச்சையிலோ லேசரிலோ பத்தில் ஒன்பது பேருக்குக் குணமாகிறது, குரல்வளையும் தப்பிக்கிறது. இப்படித் தானே முன்வந்து எச்சரிக்கும் புற்றுநோயை நாம் கசாயம் கொடுத்து ஆறு மாதம் வளரவிடுகிறோம் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். சதையைக் கிள்ளிப் பரிசோதித்தால் நோய் பரவிவிடும் என்று உறவில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அப்படிப் பரவுவதில்லை. கிள்ளிப் பார்க்காமல் எது என்று உறுதிசெய்யவும் முடியாது.

ஒருவேளை குரல்வளையையே எடுக்க நேர்ந்தவர்களுக்கும் பேச்சு இருக்கிறது. நாக்கும் உதடும் அப்படியே இருக்கின்றனவே, ஒலி மட்டும்தானே வேண்டும். கழுத்தில் வைத்துப் பேசும் அதிர்வுக் கருவி உண்டு. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஒரு சின்ன வால்வு பொருத்தி, உணவுக்குழாய்ச் சதையை அதிரவைத்துப் பேசச் செய்வதும் உண்டு. வெளிநாட்டு வால்வின் விலை ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் பெங்களூரு மருத்துவர் விஷால் ராவ் மிகக் குறைந்த விலையில் ஒன்றை உருவாக்கியிருக்கிறார். அந்த வால்வை வைத்துக்கொண்டு பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைப் பார்த்தால் 'ஊமை' என்ற சொல் உங்கள் வாயில் வராது.

காரணங்கள் இன்னும் உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தால் குரல் தடிக்கும். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறி எரிச்சல் தரும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும் குரல் கம்மும். காசநோய் குரல்வளையிலேயே வருவதும் நம் ஊரில் உண்டு. மாலையில் காய்ச்சல், எடை குறைவு, விடாத இருமல் இருக்கிறதா பாருங்கள்.

மனம் சார்ந்து குரல் போவதும் உண்டு. வீட்டில் ஒரு சாவு, ஒரு பெரிய அதிர்ச்சி, மறுநாள் குரல் இல்லை. ஆனால் இருமச் சொன்னால் கணீரென்று இருமுவார்கள், சிரித்தால் சத்தம் வரும். நாண் சேர்கிறது, பேச்சுக்கு மட்டும் சேர மறுக்கிறது. இவர்கள் நடிக்கவில்லை. நடிப்பு என்று சொல்லித் திட்டு வாங்கி, வேப்பிலை அடித்து, கடைசியில் வந்து சேரும் பெண்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகும். அந்த இருமலிலிருந்தே ஒரு 'ம்ம்' எடுத்து, அதை நீட்டி, அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்தால் பல சமயம் முதல் நாளிலேயே குரல் திரும்பிவிடும். ஆனால் இதையும் நாணைப் பார்த்து வேறு நோய் இல்லை என்று உறுதியான பிறகுதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் சொன்னது உங்களைப் பயமுறுத்த இல்லை. காய்ப்பு, அசையாத நாண், காசநோய், புற்று, அதிர்ச்சி எல்லாமே வெளியில் ஒரே கரகரப்பாகத்தான் கேட்கும். எத்தனை வருடம் கேட்டுப் பழகிய காதாக இருந்தாலும் குரலை மட்டும் கேட்டு இன்னதென்று முடிவு கட்ட முடியாது. 1854-ல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர் பல் டாக்டரின் சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டு, வெயிலை அதில் பிரதிபலிக்கச் செய்து, இன்னொரு கண்ணாடியில் தன் குரல் நாணைத் தானே பார்த்தார். இன்று அதற்குக் கேமரா இருக்கிறது. மூக்கில் மரத்துப்போகிற மருந்தை அடித்து, மெல்லிய குழாயை விட்டு, "ஈ" சொல்லச் சொல்வார்கள். திரையில் இரண்டு வெள்ளை நாடாக்கள் 'வி' வடிவில் விரிந்து நிற்பதையும், "ஈ" என்றதும் ஓடிவந்து ஒட்டுவதையும் நீங்களே பக்கத்தில் நின்று பார்க்கலாம். சில நிமிட வேலை, படுக்க வேண்டியதில்லை. தொண்டை மரத்திருக்கும் என்பதால் ஒரு மணி நேரம் போல எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும்.

கடலூரிலேயே அரசு தலைமை மருத்துவமனையில் கேளுங்கள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இந்தப் பக்கம் வந்தால் ஜிப்மர் இருக்கிறது. எங்கே போனாலும் காலையிலேயே போய்ச் சீட்டு போட்டுவிடுங்கள். இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளை எடுத்துப் போங்கள். மூச்சு விடும்போது 'கீச்' என்று சத்தம் வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, எச்சிலில் ரத்தம் வந்தாலோ, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ, விழுங்கும்போது காதுக்குள் வலித்தாலோ நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். மூச்சுத் திணறல் என்றால் அந்த நிமிடமே அவசரப் பிரிவு.

அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்? கிசுகிசுப்பு வேண்டாம் என்றேன். ஓய்வு என்று நினைத்துத்தான் செய்கிறீர்கள், ஆனால் சந்தடியில் கேட்கும்படி அழுத்திக் கிசுகிசுக்கும்போது பலருக்கும் குரல்வளைத் தசைகள் இறுகிப்போகின்றன. மாதக்கணக்கில் அப்படிப் பழகிவிட்டால் நாண் குணமான பிறகும் குரல் எழும்பாது. ஒன்று பேசாமல் இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு கை தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவுக்கு இயல்பான மெல்லிய குரலில், வருகிற வரை, பேசட்டும். தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பதும் நாணுக்கு அடிதான். செரும வேண்டும் என்று தோன்றும்போது ஒரு மடக்கு தண்ணீர் குடித்து விழுங்கட்டும்.

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கசாயம், தேன், உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு எல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கும், தடுக்கவில்லை. ஆனால் அவற்றில் எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை. தொட்டால் புரையேறிவிடும். விழுங்குவது எல்லாம் அதன் பின்பக்கமாக உணவுக்குழாய்க்குத்தான் போகிறது. நாணை நேராகப் போய்ச் சேருவது மூச்சுக்காற்று மட்டும்தான், ஆகவே வெறும் வெந்நீர் ஆவி பிடிக்கலாம். தைலம் போட வேண்டாம், அது உறுத்தும்.

ஒரு பயிற்சி மட்டும் சொல்கிறேன். டம்ளரில் பாதி தண்ணீர், இளநீர்க் கடையில் தருகிற மாதிரி ஒரு ஸ்ட்ரா. ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரற்கடை மூழ்கினால் போதும். உதட்டால் மூடிக்கொண்டு "ஊ" என்று மெல்லக் குரல் கொடுத்து ஊத வேண்டும். குமிழி ஒரே சீராகக் கிளம்ப வேண்டும், கன்னத்திலும் உதட்டிலும் அதிர்வு தெரிய வேண்டும், தொண்டையில் இறுக்கமே தெரியக் கூடாது. வாய்ப்பக்கம் இருக்கும் அந்த எதிரழுத்தம் நாண்களை முட்டி மோதாமல் மென்மையாக அதிரவைக்கும். இரண்டு மூன்று நிமிடம், ஒரு நாளில் சில தடவை. வலித்தாலோ தலை சுற்றினாலோ நிறுத்திவிட வேண்டும். எந்தக் காரணமாக இருந்தாலும் இது கெடுதல் செய்வது அரிது, ஆனால் இதைச் செய்கிறோம் என்று டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிவிடாதீர்கள்.

வியாபாரத்தை நிறுத்தினால் அடுப்பு எரியாது என்பது எனக்குத் தெரியும். "பேசாதீர்கள்" என்று சொல்லி அனுப்புவது அவருக்குச் சிகிச்சையே இல்லை. டி.வி.எஸ். எக்ஸ்.எல்-லில் காய்கறியும் கோலமாவும் விற்கிறவர்கள் குரலைப் பதிந்து ஓடவிடுகிறார்களே, அந்த ஸ்பீக்கரை வாங்கி உங்கள் குரலில் "வஞ்சிரம், சங்கரா, நெத்திலி" என்று பதிந்து கொடுங்கள். கூவுகிற வேலை அதற்கு. விலை பேசுவதற்கு, டீச்சர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன மைக் பெட்டி போதும், ஆன்லைனில் கிடைக்கிறது. ஏலத்துக்குக் கொஞ்ச நாள் நீங்களோ சித்தியோ போய் நின்று விலை கேளுங்கள். முதலில் கூச்சப்படுவார். வாங்க வருகிறவர்கள் இரண்டு நாளில் பழகிவிடுவார்கள்.

எண்டோஸ்கோப்பி எடுத்ததும் அறிக்கையில் எந்த நாணில், எந்த இடத்தில், என்ன, அசைகிறதா இல்லையா என்று எழுதியிருப்பார்கள். பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டு அந்த வரிகளை மட்டும் எனக்கு எழுதுங்கள். காய்ப்பு என்றால் ஒரு விதமான பயிற்சி, அசையாத நாண் என்றால் வேறு விதம். எதற்கு எது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.